ஜப்பானில் புல்லட் ரயிலைத் தவிர்த்து, உங்கள் மனதில் நின்ற ரயில் எது?

ஜப்பானில் சில வருடம் இருந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2011 முதல் ஒசாகாவில் இருக்கிறேன். எனக்கு அது 103 வரிசை மின்சார ரயில். ஒசாகா வட்டப்பாதையில் ஆரஞ்சு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் அந்தப் பாதையிலிருந்து விடைபெற்றது. பார்க்க அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெடுக ஒரே மாதிரி இரும்புப் பெட்டிகள், தட்டையான முகம், பக்கத்துக்கு நான்கு கதவு, உள்ளே சன்னலை ஒட்டி நீளவாக்கில் பெஞ்சு இருக்கை. அவ்வளவுதான். ஆனாலும் உங்கள் கேள்வியைப் படித்ததும் வேறெந்த ரயிலும் நினைவுக்கு வரவில்லை.

கோயம்புத்தூரில் எட்டு வருடம் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன் நான். ஹிகாஷி ஒசாகாவில் பிளாஸ்டிக் அச்சுகள் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை. வீடு டென்மாவில். தினமும் டென்மாவில் வட்டப்பாதை ரயிலைப் பிடித்து, ஆறாவது நிறுத்தமான சுருஹாஷியில் இறங்கி, அங்கிருந்து கிந்தெத்சு ரயிலுக்கு மாறுவேன். கால் மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். சுருஹாஷி பிளாட்பாரத்தில் காலடி வைத்தாலே கீழே உள்ள கடைகளில் சுடுகிற இறைச்சி வாசம் மேலே ஏறி வரும். சாயங்காலம் அந்த வாசத்தோடு பசியும் சேர்ந்துகொள்ளும்.

முதல் மாதம் முழுக்க ரயிலை நான் கவனிக்கவே இல்லை. வழி தவறக்கூடாது என்ற ஒரே பயம்தான். கவனிக்க வைத்தது ஒரு சாப்பாட்டுத் தூக்கு.

ஊரிலிருந்து கொண்டு வந்த இரண்டடுக்கு எவர்சில்வர் தூக்கு அது. அன்றைக்குத் தக்காளி சாதம். ஏறியதும் மேலே கம்பித் தட்டில் வைத்தவன், சுருஹாஷியில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன். கதவு மூடி ரயில் நகர்ந்த பிறகுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. வெள்ளைக் கையுறை போட்ட நிலைய ஊழியரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அப்போது ஐம்பது சொல் இருக்கும். எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு என்று கேட்டார். தரையில் கதவு எண் எழுதியிருப்பதால் அதைக் காட்ட முடிந்தது. அடுத்து, "103ஆ, 201ஆ?" என்றார். அதுதான் புரியவில்லை. இரண்டுமே ஆரஞ்சு, இரண்டுக்கும் எட்டுப் பெட்டி, எனக்கு இரண்டும் ஒன்றுதான். விழித்துக்கொண்டு நின்றேன். என்ன தோன்றியதோ, வேகம் பிடிக்கும்போது அது போட்ட சத்தத்தை அப்படியே வாயால் போட்டுக் காட்டினேன். அடிவயிற்றிலிருந்து "ஊ…ங்" என்று எழும்பி, போகப் போக உச்சத்துக்கு ஏறுகிற உறுமல். அவர் உடனே தலையசைத்தார். "ஹியாகு-சான்" என்றார். நூற்று மூன்று.

வட்டப்பாதையின் நீளம் 21.7 கி.மீ., நிலையங்கள் 19. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 நிமிடம். எதையாவது தவற விட்டால் அது சுற்றி வந்து நிற்கும் என்பதே இந்தப் பாதையின் பெரிய ஆறுதல். அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். அதே இடத்தில் நின்றேன். இடையில் வந்த ரயில்களை அன்றுதான் ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். 201 கிளம்பும்போது ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டு போனது. 103 வேறு மாதிரி. கிளம்பியதும் யாரோ பின்னாலிருந்து படிப்படியாகத் தள்ளுவதுபோல் சின்னச் சின்ன உதறல்கள், பிறகு அந்த உறுமல். சொன்ன நேரத்துக்குத் தூக்கு திரும்பி வந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஊழியர் உள்ளே போய் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

பட்டறைக்குத் தாமதமாகப் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் மூத்த லேத் ஆள், ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர், வாலிப வயதிலிருந்து அந்த ரயிலில்தான் போய்வருகிறாராம். அந்த மதியம் தக்காளி சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டே, பழைய வரைபடக் காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டினார். எனக்கு மொழிதான் புரியாது, வரைபடம் புரியும். அப்புறம் மொழி வந்ததும் நானே தேடிப் படித்தேன். இனி சொல்வது இரண்டும் சேர்ந்தது.

103க்கு முன்னால் இருந்தது 101. 1957இல் வந்தது. எல்லாப் பெட்டியிலும் மோட்டார் வைத்து விருட்டென்று வேகம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். டோக்கியோவின் சூவோ பாதையில் ஓட்டிப் பார்த்தால், அத்தனை மோட்டாருக்கும் தீனி போடுகிற அளவுக்குப் பாதையில் மின்சாரம் இல்லை. வேறு வழியில்லாமல் இடையிடையே மோட்டார் இல்லாத பெட்டிகளைச் செருகினார்கள். தன் பெட்டியை மட்டும் இழுக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த மோட்டார், பக்கத்துப் பெட்டியையும் சேர்த்து இழுத்தால் என்ன ஆகும்? இரண்டு ஹெச்பி மோட்டாரில் மூன்று ஹெச்பி வேலை வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை வைக்க முடியாதபடி சூடேறும்.

அதனால் 103ஐ வடிவமைத்தவர்கள் கணக்கை அடியிலிருந்து போட்டார்கள். பாதிப் பெட்டிக்கு மோட்டார், பாதிப் பெட்டிக்கு இல்லை. அந்த விகிதத்திலேயே நாள் முழுக்கச் சூடேறாமல் இழுக்கிற மோட்டார் வேண்டும். அப்படி வந்ததுதான் எம்டி55, ஒவ்வொன்றும் 110 கிலோவாட். மோட்டார் உடம்பு பெருத்ததால் அதற்கு இடம் விட, மோட்டார் பெட்டியின் சக்கரம் மட்டும் 910 மி.மீ. ஆனது, மற்றப் பெட்டிகளுக்கு 860. பல்சக்கர விகிதம் 6.07, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற மோட்டார் ஆறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கியிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்கிற பாதைக்கு அதுதான் சரி. 100 கி.மீ. வேகத்தை வைத்துக்கொண்டு டென்மாவுக்கும் சகுரானோமியாவுக்கும் நடுவில் என்ன செய்ய?

காசை மிச்சம் பிடித்த விதமும் எனக்குப் பிடிக்கும். இரண்டு மோட்டார் பெட்டிகளை ஒரு ஜோடியாகக் கட்டி, இரண்டிலும் உள்ள எட்டு மோட்டாருக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தார்கள். அது ஒரு பெட்டிக்கு அடியில். காற்றழுத்தும் கம்ப்ரசர் முதலியவை ஜோடிப் பெட்டிக்கு அடியில். மேலே கம்பியில் வருவது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். கிளம்பும்போது எட்டு மோட்டாரும் தொடராக இணைந்திருக்கும், நடுவே மின்தடைகள் நிறைய இருக்கும். வேகம் ஏற ஏற ஒரு கேம் தண்டு சுழன்று அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். பிறகு மோட்டார்களை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு இணை வரிசையாக மாற்றும். நான் உடம்பில் உணர்ந்த அந்தச் சின்ன உதறல்கள், தடைகள் ஒவ்வொன்றாக விலகுகிற படிகள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு தினமும் கால் பாதத்தால் எண்ணிக்கொண்டு போவேன்.

முதல் சோதனை ரயில் 1963இல் டோக்கியோவின் யமனோதே வட்டப்பாதையில் ஓடியது. 1964இல் பெருமளவு உற்பத்தி. அதே 1964 அக்டோபரில்தான் ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலும் தொடங்கியது. இரண்டையும் செய்தது ஒரே ஜப்பான் தேசிய ரயில்வே. ஷின்கான்சென் உலகப் புகழ் பெற்றது, அது நியாயமானதுதான். ஆனால் அந்த வருடங்களில் டோக்கியோவில் ஆட்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதற்கென்றே ஊழியர்கள் நின்றார்கள். நகரத்துக்குள் வரும் ஐந்து பெரிய பாதைகளையும் ஒரே நேரத்தில் அகலப்படுத்தும் பெரும் வேலையை ரயில்வே கையில் எடுத்தது. அந்தக் கூட்டத்தைச் சுமந்தது 103தான். ஒரு நடுப்பெட்டியின் கணக்குக் கொள்ளளவு 144 பேர், அதில் உட்கார 54 பேருக்குத்தான் இடம். கதவு ஒவ்வொன்றும் 1.3 மீட்டர் அகலம். காலை நேரத்தில் அந்த 144 எங்கே போய் நிற்கும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். 1984 வரை 21 வருடம் விடாமல் செய்தார்கள். மொத்தம் 3,447 பெட்டிகள். முதல் புல்லட் ரயிலான 0 வரிசை ஷின்கான்சென் பெட்டிகளே 3,216தான்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரயில் ஒன்றுதான், பாதைக்கு ஒரு நிறம். யமனோதே பாதைக்கு உகுயிசு என்ற சின்னப் பறவையின் மங்கலான பச்சை. கெய்ஹின்-தோஹோகுவுக்கு வான நீலம். ஜோபான் விரைவுப் பாதைக்கு மரகதப் பச்சை. சோபுவுக்குக் கனேரிப் பறவையின் மஞ்சள். சூவோவுக்கும் ஒசாகா வட்டப்பாதைக்கும் ஆரஞ்சு. பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்து ஏறலாம். வந்த புதிதில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆரஞ்சைத்தான் நம்பினேன். பெட்டிகளை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சாயம் பூச நேரமில்லாமல், நீலத்துக்கு நடுவே ஒரு பச்சைப் பெட்டியோடு ரயில்கள் ஓடியதும் உண்டு. பிறகு வந்த துருப்பிடிக்காத எஃகு ரயில்களுக்கு முழுச் சாயம் தேவையில்லை, ஒரு பட்டை ஒட்டினால் போதும். பராமரிப்புக்கு அதுதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். மழை நாளில் தூரத்தில் முழு ஆரஞ்சாக ஒரு ரயில் வளைந்து வருவதைப் பார்த்த கண்ணுக்குப் பட்டை போதவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளை எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்த மூத்தவர்தான். "மோ" என்றால் மோட்டார் உள்ள பெட்டி. "கு" என்றால் ஓட்டுநர் அறை உள்ளது. "சா" என்றால் இரண்டும் இல்லாதது. கூடவே வருகிற "ஹா" வகுப்பைக் குறிக்கும். நமக்கு அ, ஆ, இ மாதிரி அவர்களுடைய பழைய எழுத்து வரிசை இ, ரோ, ஹா. முன்பு முதல் வகுப்புக்கு இ, இரண்டாம் வகுப்புக்கு ரோ, மூன்றாம் வகுப்புக்கு ஹா. பிறகு மூன்றாம் வகுப்பு போய்ச் சாதாரண வகுப்பு ஆனாலும் எழுத்து மட்டும் நின்றுவிட்டது. மோஹா, குஹா, சாஹா. நான் கற்றுக்கொண்ட முதல் கதகானா எழுத்துகள் இவைதான். உறுமலைக் கேட்க வேண்டுமென்றால் "மோஹா"வில் ஏற வேண்டும், தூங்க வேண்டுமென்றால் "சாஹா".

குறை இல்லாத வண்டி இல்லை. 103இன் பெரிய குறை, கிளம்பும்போது ஒரு பங்கு மின்சாரத்தையும், நிற்கும்போது மோட்டாரே தயாரிக்கிற மின்சாரத்தையும் அடியில் உள்ள தடைகளில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். திறந்தவெளியில் தெரியாது. சுரங்கத்தில் தெரிந்தது. 1971இல் டோக்கியோவின் சியோடா சுரங்கப் பாதையோடு ஜோபான் பாதையை இணைத்தபோது, அதற்கென்று செய்த 103-1000 வகையும் மெட்ரோவின் 6000 வரிசையும் ஒரே சுரங்கத்தில் ஓடின. 6000இல் இருந்தது தைரிஸ்டர் சாப்பர் என்ற மின்னணுக் கருவி, மின்சாரத்தை நறுக்கி நறுக்கிக் கொடுக்கும், நிற்கும்போது கம்பிக்கே திருப்பி அனுப்பும். 103-1000 வந்து நின்றால் அடியிலிருந்து அனல் மேலே வரும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தச் செலவு உறுத்தியது. 1979இல் 201இன் சோதனை ரயில் வந்தது, 1985இல் துருப்பிடிக்காத எஃகில் 205 வந்தது. யமனோதேயிலிருந்து 103 விடைபெற்றது 1988இல்.

இன்னொரு குறையும் உண்டு, இது ரயிலின் தவறில்லை. குறுகிய தூரத்துக்கென்று செய்த அதே வண்டியை, நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கிற பாதைகளிலும் ரயில்வே இறக்கியது. ஒரே வகை என்றால் உதிரி பாகம், பயிற்சி எல்லாம் சுலபம் என்ற கணக்கு. உச்ச வேகத்தில் நெடுநேரம் ஓடினால் அந்த மோட்டார் கத்தும். அப்படி ஓடிய ரயில்களில் போனவர்கள் 103ஐச் சத்தமான வண்டி என்று திட்டியதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

டோக்கியோ பக்கம் ஒவ்வொரு பாதையாகக் கழிந்து, கடைசியாக வடகிழக்கில் சென்செகி பாதையில் 2009இல் முடிந்தது. 16 பெட்டிகள் 2004இல் ஜகார்த்தாவுக்குப் போய் அங்கே பல வருடம் மக்களைச் சுமந்தன. ஒசாகா பக்கம் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. 1987இல் தேசிய ரயில்வே பிரிந்த பிறகு இந்தப் பகுதியை எடுத்த ஜேஆர் மேற்கு நிறுவனம், பழைய 103களை 40 வருடம் ஓடுகிற மாதிரி புதுப்பித்தது. அந்த வேலைக்கு "தைஷிட்சு கைசென்" என்று பெயர். வைத்தியர் நோயாளிக்குச் சொல்கிற சொல் அது, உடல்வாகைத் தேற்றுவது என்று பொருள். ரயிலுக்கு அப்படியொரு சொல்லை வைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. நான் போய்வந்தது அப்படித் தேற்றி எடுத்த பெட்டிகளில்தான்.

2016 டிசம்பரில் புதிய 323 வந்தது. மூன்று கதவு, வெளிச்சமான உட்புறம், சத்தமே இல்லை. நல்ல ரயில். வாரத்துக்கு வாரம் உறுமல் குறைந்தது. 2017 அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை, 103க்கு வட்டப்பாதையில் கடைசி நாள். அன்றைக்கு எங்களுக்கு அவசர ஆர்டர், என்னால் போக முடியவில்லை. மூத்தவரும் நானும் இரவு வரை அச்சு ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தோம். திரும்பும்போது சுருஹாஷியில் 201தான் வந்தது. மறுநாள் அவர் பட்டறைக்கு வந்து, "முடிந்துவிட்டது, இல்லையா" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குறை மனதில் கிடந்தது. ஆகவே கோபேயின் வதாமிசாகி பாதையில் ஓடிய நீல நிற 103 நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், 2023 மார்ச்சில் ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போனேன். ஹியோகோ நிலையத்திலிருந்து 2.7 கி.மீ. தூரம், நடுவில் நிலையமே கிடையாது. கப்பல் கட்டும் தளத்துக்கும் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலும் மாலையிலும்தான் ரயில். காலை கூட்டத்தோடு கூட்டமாக ஆறு பெட்டி ரயிலில், மோஹாவாகப் பார்த்து ஏறினேன். வெளியே கேமராவோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளே பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது வேலை நாள். அந்தப் பாதையை ஒட்டியே கவாசாகியின் ரயில்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 103 வரிசைப் பெட்டிகளைச் செய்த நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அதன் சுவரோரமாக உறுமிக்கொண்டு போனபோது நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தொண்டை அடைத்தது, மறைக்க விரும்பவில்லை.

உங்களுக்குப் பார்க்க ஆசை இருந்தால் இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, வட்டப்பாதையில் தமாத்சுகுரி நிலையம். பக்கத்திலேயே ஆரஞ்சு 103 பெட்டி வடிவத்தில் ஒரு கட்டடமே கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகம். நுழைந்ததும் வரும் நடைமேடைப் பகுதியில் 0 வரிசை ஷின்கான்செனுக்கு அருகிலேயே ஆரஞ்சு நிறத்தில் "குஹா 103-1" நிற்கிறது. 1964இன் பெட்டி. முதலில் யமனோதேயில் ஓடியது, கடைசியில் ஹன்வா பாதையில் நீலமாக ஓடியது, அருங்காட்சியகத்துக்காக ஆரஞ்சு பூசிக்கொண்டது. எல்லோரும் ஷின்கான்சென் பக்கம் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கமும் பத்து நிமிடம் நில்லுங்கள். அது குஹா, மோட்டார் இல்லாத பெட்டி. உறுமல் அதில் என்றைக்கும் இருந்ததில்லை. டென்மாவிலிருந்து சுருஹாஷி வரை ஒரு மோஹாவுக்குள் நின்று 2016இல் பதிவு செய்த ஒலி என் பழைய போனில் இருக்கிறது. கேட்கவேண்டும் என்றால் கருத்தில் சொல்லுங்கள், ஏற்றிவிடுகிறேன்.